எசேக்கியா விட்டுவிட்ட வேலை

எசேக்கியா ராஜா வியாதிப்பட்ட கதையை நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடித்துவிடும். ராஜா மரணப்படுக்கையில் இருக்கிறார். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, இனிப் பிழைக்கமாட்டீர், வீட்டைச் சரிசெய்துகொள்ளும் என்கிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறார். ஆயுசு 15 வருஷம் கூடுகிறது. அல்லேலூயா, ஆமென். சபை கலைந்துவிடும்.

வீட்டைச் சரிசெய்யச் சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஜெபித்ததை வேதம் விரிவாகச் சொல்கிறது. வீட்டை ஒழுங்குபடுத்தியதாக ஒரு வரியும் இல்லை. சுகமான பிறகு பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குப் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டினார் என்றுதான் இருக்கிறது. அதன் விளைவாகப் பிற்காலத்தில் தம் சந்ததியார் சிறைப்பட்டுப் போவார்கள் என்று கேட்டபோதும், தம் காலத்தில் சமாதானம் இருக்குமே என்று தேற்றிக்கொண்டார். அவர் இறந்தபோது மகன் மனாசேக்கு 12 வயது. கணக்குப் போட்டால், கூட்டிக் கொடுக்கப்பட்ட அந்த 15 வருஷத்துக்குள் பிறந்த பிள்ளை. அப்பா இடித்த மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டிய மனாசே 55 வருஷம் ஆண்டான்.

எசேக்கியா கெட்ட ராஜா அல்ல. யூதாவின் மிகச் சிறந்த ராஜாக்களில் ஒருவர். ஜெபிக்கத் தெரிந்த நல்ல மனிதர்களே வீட்டு ஏற்பாட்டைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதால்தான் இந்த அத்தியாயத்தை அவரிடமிருந்து தொடங்குகிறேன். உயில் எழுதுங்கள் என்றால், "ஏன் ஐயா அபசகுனமா பேசுறீங்க" என்று கேட்கும் விசுவாசிகள் ஏராளம். சகுனம் பார்ப்பதில்லை என்று ஞானஸ்நானத்தின்போது அறிக்கையிட்டவர்கள்தான் அவர்களும். இன்னும் சிலர், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அவர் போகமாட்டார், நீங்கள்தான் போக வேண்டும். சிலுவையில் தொங்கிய நேரத்திலும் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்து ஏற்பாடு செய்தவரைத்தான் நாம் பின்பற்றுகிறோம்.

முதலில் கடன்

சொத்துப் பேச்சுக்கு முன் கடன் பேச்சு வரட்டும். எலிசாவிடம் வந்து கதறிய விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், தேவபக்தியுள்ளவன். அவளே சாட்சி சொல்கிறாள். ஆனாலும் கடன்காரன் வாசலில் நிற்கிறான், இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக. எண்ணெய் பெருகிய அற்புதத்தைப் பேசும்போது, அந்த எண்ணெய் முதலில் எதற்குப் போனது என்பதையும் பேச வேண்டும். எலிசா சொன்ன வரிசை தெளிவானது: விற்று, கடனை அடை, மிச்சத்தில் நீங்கள் பிழையுங்கள்.

வங்கிக் கடனுக்குக் காகிதம் இருக்கும், வங்கியே தேடி வரும். கைமாற்றாக வாங்கியதும் கொடுத்ததும்தான் குடும்பத்தை நாறடிக்கும். சபையில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவரிடம் எந்தச் சீட்டும் இல்லாமல் வாங்கிய 50,000 ரூபாய். மைத்துனருக்குக் கொடுத்து, திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டது. மகளிர் சங்கத்தில் யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து. பாதி கட்டிய ஏலச்சீட்டு. அடகில் இருக்கும் மருமகளின் வளையல். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒருவர் வந்து, "அண்ணன் எங்கிட்ட வாங்கியிருந்தாரு" என்று சொன்னால், உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டில் வழியில்லை. கொடுத்தால் ஏமாந்தோமோ என்ற சந்தேகம். கொடுக்காவிட்டால் செத்தவரின் சாட்சி கெடும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதற்குச் செய்த காரியம் எளிமையானது. சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, பழுப்புக் காகித அட்டை. முதல் பக்கத்தில் 'தரவேண்டியது', நடுவிலிருந்து 'வரவேண்டியது'. ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், தொகை, ஏன், யாருக்குத் தெரியும். தீர்ந்ததும் சிவப்பு மையால் ஒரு கோடு. 'வரவேண்டியது' பக்கத்தில் சில பெயர்களுக்கு எதிரே 'கேட்க வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அது மன்னித்து விட்ட கடன். பிள்ளைகள் பின்னால் போய் வசூலிக்கக் கூடாது என்பதற்காக எழுதியது. பால்காரருக்கு நின்ற பாக்கி கூட அந்த நோட்டில் இருந்தது. நீங்கள் இன்றே செய்யக்கூடியது இது. வக்கீல் வேண்டாம், செலவு இல்லை.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்

இந்தியக் கிறிஸ்தவர்களின் சொத்து, உயில் இல்லாத பட்சத்தில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். அக்கம்பக்கத்து இந்து குடும்பங்களில் நடப்பதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களே அதிகம். வித்தியாசங்கள் சின்னவை அல்ல.

மனைவியும் பிள்ளைகளும் இருக்க ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மனைவி முந்திக்கொண்டால் அவள் சொத்தில் கணவனுக்கும் இதே கணக்கு. மகன், மகள், கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதம் சட்டத்தில் இல்லை. "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாச்சே" என்ற வாதமும் எடுபடாது. உயிரோடிருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 49ஆம் பிரிவே சொல்கிறது.

பூர்வீகச் சொத்து என்ற பேச்சும் நம்மிடம் தாராளமாகப் புழங்குகிறது. தாத்தா சொத்தில் பேரனுக்குப் பிறப்பாலேயே பங்கு என்ற இந்துக் கூட்டுக்குடும்ப விதி கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. அப்பாவுக்கு வந்தது அப்பாவுடையது. அவர் விரும்பியவருக்கு எழுதலாம். இது பெரிய அதிகாரம். பெரிய பொறுப்பும் கூட.

சட்டம் யாரை விட்டுவிடுகிறது என்று பாருங்கள், அங்கேதான் உயிலின் அவசியம் புரியும். மனைவி, பிள்ளைகளோடு வாழ்ந்த மகன் திடீரென்று இறந்தால், அவனைப் பெற்ற தாய்க்கு அவன் சொத்தில் பங்கில்லை. பிள்ளையில்லாமல் இறந்தால் பாதி மனைவிக்கு, மறுபாதி அப்பாவுக்கு. அப்பா இருக்கும்வரை அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அப்பா இல்லாவிட்டால்தான் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் அந்தப் பாதியைப் பகிர்ந்துகொள்வார்கள். மகன் சம்பளத்தில் கட்டிய வீட்டில், மகன் பெயரில் இருக்கும் வீட்டில், வயதான தாய் குடியிருக்கிறாள் என்றால் இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகம் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் பெயர் இருப்பது வேறு, பங்கு இருப்பது வேறு.

மருமகள் நிலை இன்னும் மோசம். மகன் உங்களுக்கு முன்பே இறந்து, பிள்ளையும் இல்லாமல், மருமகள் உங்களோடேயே தங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொத்தில் அவளுக்குச் சட்டப்படி சல்லிக்காசு கிடையாது. நகோமியோடு வந்த ரூத்தைப் பற்றிப் பெண்கள் ஐக்கியத்தில் கண்ணீரோடு பேசுகிறவர்கள், தங்கள் வீட்டு ரூத்துக்கு ஒரு அறையாவது எழுதி வைத்திருக்கிறார்களா? வளர்ப்புப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். சிறார் நீதிச் சட்டத்தின்படி முறையாகத் தத்தெடுத்திருந்தால் பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை உண்டு. அக்கா மகளை மூன்று வயதில் கூட்டிவந்து வளர்த்தோம் என்றால், பாசம் எத்தனை இருந்தாலும் வாரிசு அல்ல.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1956 நவம்பர் 1 வரை அது முதலில் திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த மண். 1916இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. ஸ்ரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் தம் உடன்பிறந்தவரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு வந்தது: இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், அதுவும் 1951 முதலே. சட்டம் மாறி நாற்பது வருஷமாகிறது. வழக்கம் மாறவில்லை. இன்றும் அப்பா இறந்த மாதத்திலேயே தங்கைகளை வரிசையாக அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். கையில் ஒரு புடவையும் ஐயாயிரம் பத்தாயிரமும் கொடுத்து, "பிறந்த வீடு வேணுமா, பங்கு வேணுமா" என்று கேட்காமல் கேட்பார்கள். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள். மோசே தாமாக முடிவு சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது சரி என்றே பதில் வந்தது. இந்தப் பகுதியை நம் ஆலயங்களில் நான் பிரசங்கமாகக் கேட்டது மிக அபூர்வம்.

உயிலை எழுதும்போது

முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். கையால் எழுதினாலும் தட்டச்சு செய்தாலும் செல்லும். வேண்டியது உங்கள் கையெழுத்தும், அதை நீங்கள் போடுவதைக் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும். தேதி விட்டுப்போகக் கூடாது; ஒன்றுக்கு மேற்பட்ட உயில் இருந்தால் கடைசியாக எழுதியதே நிற்கும்.

நம்மவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் சாட்சி. வீட்டில் நடக்கும் காரியம் என்று மூத்த மகனையோ மருமகனையோ சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். உயில் செல்லும், ஆனால் சாட்சி போட்டவருக்கும் அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ அதில் எழுதியது செல்லாமல் போய்விடும். கிறிஸ்தவர்களுக்கு இந்த 67ஆம் பிரிவு முழுமையாகப் பொருந்தும். மருமகன் சாட்சி போட்டால் மகளின் பங்கு போயிற்று என்று அர்த்தம். ஆகவே உயிலில் பெயர் இல்லாத, உங்களைவிட வயதில் இளைய, நாலு ஊர் தள்ளிப் போய்விடாத இரண்டு பேரைத் தேடுங்கள். உயில் எழுதினவர் போன பிறகுதானே சாட்சிக்கு வேலை.

அடுத்தது கல்யாணம். உயில் எழுதி வைத்தவர் அதன் பிறகு திருமணம் செய்தால், பழைய உயில் தானாக ரத்தாகிவிடும். மனைவியை இழந்து, பிள்ளைகள் பெயரில் உயில் எழுதி, பிறகு மறுமணம் செய்யும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புது உயில் எழுதாவிட்டால் எழுதவே இல்லை என்ற நிலைதான்.

சொத்து விவரத்தை, 'ஊரில் உள்ள எங்கள் வயல்' என்று விடாதீர்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, பத்திர எண், ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் எல்லாம் வேண்டும். எழுதும் முன் ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது பல குடும்பங்களுக்கு அப்போதுதான் தெரியவரும். உயிலை எழுதுவதைவிட அந்தப் பட்டாவை மாற்ற அதிக நாள் பிடிக்கும். அதை உங்கள் தலைமுறையிலேயே முடித்துவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம். உயிலின் கடைசியில், 'மேலே சொல்லாத மற்ற அனைத்தும் இன்னாருக்கு' என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மறந்த ஒரு பிக்சட் டெபாசிட்டுக்காக மறுபடி எல்லாரும் கோர்ட்டுக்குப் போவார்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

பதிவு செய்வது கட்டாயம் அல்ல, ஆனால் செய்துவிடுங்கள். பிறகு உயில் பொய் என்று சொல்லக் கிளம்புகிறவர்களின் வேகம் பாதியாகக் குறையும். வயதானவர்கள் அன்றைய தேதியில் ஒரு மருத்துவரின் சான்று வாங்கி வைப்பதும் நல்லது. 2002இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உயிலுக்குப் பதில் உயிரோடிருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உயிலை நாளைக்கு மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிவானால் சொத்து கை மாறியது மாறியதுதான். எழுதியே தீர வேண்டும் என்றால் உங்கள் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்க வழியுண்டு. பிள்ளைகள்மேல் நம்பிக்கை இல்லையா என்றால், நம்பிக்கை இருக்கட்டும். வீடு உங்கள் பெயரிலும் இருக்கட்டும். கெட்ட குமாரனின் தகப்பன் உயிரோடிருக்கும்போதே பிரித்துக் கொடுத்தார். அதை ஒரு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாமினி போட்டிருக்கிறேன், போதாதா? போதாது. வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அவரே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பங்குகள் விஷயத்திலும் அதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். ஆனாலும் நாமினி போடாமல் இருக்காதீர்கள். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. தேடிக் கேட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருந்தது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரங்களை எங்கே வைப்பது? எரேமியா இதற்குச் சரியான ஆள். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருக்கிறது. காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருந்த நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையெழுத்துப் போடவைத்து, முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பத்திரங்களையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஊரே அழியப்போகிறது என்று பிரசங்கித்தவர் பத்திரத்தை இத்தனை பத்திரமாக வைத்தார். நீங்கள் மூலப்பத்திரத்தை லாக்கரிலும், ஜெராக்ஸ் நகல் ஒரு கட்டை வீட்டு பீரோவிலும், ஸ்கேன் எடுத்ததைப் பிள்ளைகளில் ஒருவரிடமும் வையுங்கள். உயிலை மட்டும் லாக்கரில் வைத்துவிட்டு லாக்கரை உங்கள் ஒருவர் பெயரில் வைக்காதீர்கள். அதைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க அதைத் திறக்க வேண்டும்.

காணிக்கை

ஆலயத்துக்கோ ஊழியத்துக்கோ சொத்து எழுதி வைக்கும் ஆசை நம்மிடம் உண்டு, நல்ல ஆசைதான். முன்பு நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், மதக் காரியத்துக்கு எழுதும் உயிலைச் சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதி, ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் ஒப்படைத்திருந்தால்தான் செல்லும் என்றிருந்தது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அந்த 118ஆம் பிரிவை ரத்து செய்துவிட்டது. இப்போது தடையில்லை.

தடையில்லை என்பதால் யோசிக்காமல் எழுதக் கூடாது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் கழித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு எழுதியிருக்கிறார். உங்களை நம்பியிருக்கிற ஒருவர் நடுத்தெருவில் நிற்கும்படி எழுதும் காணிக்கை, கல்வெட்டில் பெயராக வரும், அவ்வளவுதான். எழுதுவதென்றால் நிறுவனத்தின் பதிவுசெய்த முழுப்பெயரில் எழுதுங்கள். 'எங்கள் ஊர்க் கோயிலுக்கு' என்று எழுதினால் அது சேகரத்துக்கா, டயோசிசன் டிரஸ்டுக்கா என்று தொடங்கும் வழக்கு உங்கள் பேரப்பிள்ளை காலம்வரை நடக்கும். எந்தக் காரியத்துக்கு என்பதையும் எழுதுங்கள். என் அபிப்பிராயம், மார்பிள் தரைக்கும் மணிக்கூண்டுக்கும் எழுதுவதைவிட, ஒரு பிள்ளையின் படிப்புக்கோ ஓர் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கோ எழுதுவது மேல். வேலூரில் ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த ஆஸ்பத்திரி, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழும்பியது. அதன் வழியாக வளர்ந்து வந்ததுதான் சி.எம்.சி.

பெரிய தொகை இருந்தால்தான் என்றில்லை. திருநெல்வேலிப் பக்கத்துத் தாய்மார் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் நண்பர்களும் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்று முடிவெடுக்கத் துணிந்தது இப்படிக் கொடுத்துப் பழகிய மக்களை நம்பித்தான். பேத்திக்கு அந்தக் கைப்பிடியைக் கற்றுக்கொடுத்த பாட்டி விட்டுச்சென்றது, எந்த உயிலிலும் எழுத முடியாத ஒன்று.

எழுதிக் கொடுக்க முடியாதது

விசுவாசத்தைப் பத்திரம் போட்டு மாற்ற முடியாது. சாமுவேல் பரிதானம் வாங்கியதில்லை, பிள்ளைகள் வாங்கினார்கள். லோவிசாள் பாட்டியிலும் ஐனிக்கேயாள் தாயிலும் இருந்த விசுவாசம் தீமோத்தேயுவில் இருந்தது. அவன் தகப்பன் கிரேக்கன். ஏன் ஒரு வீட்டில் பிடித்தது, இன்னொரு வீட்டில் பிடிக்கவில்லை என்பதற்கு யாரிடமும் சூத்திரம் இல்லை. பிள்ளை ஆலயத்துக்குப் போவதில்லை என்று தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்ளும் பெற்றோருக்கு நான் சொல்வது, நம்மால் ஆவது பிள்ளைகள் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போவது மட்டுமே.

பார்க்கும்படி வைக்கக்கூடியவை சில உண்டு. உங்கள் குடும்பம் எப்போது, யார் மூலமாக, எந்த ஊரில் கிறிஸ்துவை அறிந்தது? பல வீடுகளில் இது மூத்த அத்தை ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனில் பதிவு செய்துவிடுங்கள். 'எங்கள் முன்னோர்' என்று பொதுவாகப் பேசவிடாமல், யார், எந்த வருஷம், எதிர்த்தது யார், எந்தத் தெருவைவிட்டுப் போகச் சொன்னார்கள் என்று கேளுங்கள். குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பும் ஞானஸ்நானமும் எழுதும் வழக்கம் செல்போன் வேதாகமம் வந்தபிறகு நின்றுவிட்டது. அதைத் திரும்பத் தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். புத்திமதி வேண்டாம், அவர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். கர்த்தர் உங்களைக் கைவிட்டார் என்று நீங்கள் நினைத்த ஒரு நாளைப் பற்றியும், அதன்பின் நடந்ததைப் பற்றியும் எழுதினால் போதும்.

அடுத்தது ஒப்புரவு. இதைத் தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யாக்கோபின் வீடே சாட்சி. அவர் இறந்ததும் யோசேப்பின் அண்ணன்மாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா சாவதற்கு முன், எங்களை மன்னிக்கச் சொன்னார் என்று யோசேப்புக்கு ஆள் அனுப்பினார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேறெங்கும் இல்லை. யோசேப்பு அதைக் கேட்டு அழுதார். பதினேழு வருஷம் எகிப்தில் ஒன்றாக இருந்த குடும்பம், அந்தப் பேச்சை அப்பா இருக்கும்போதே பேசி முடிக்கவில்லை. நம் வீடுகளிலும் 'அப்பா சாகும்போது எங்கிட்ட சொன்னார்' என்று தொடங்கும் வாக்கியம் நல்லதில் முடிந்து நான் பார்த்ததில்லை. எழுதாத வாய்ச்சொல்லுக்கு எல்லாரும் வாரிசு.

பேசாமல் இருக்கும் தம்பியோடு பேச நீங்கள்தான் போக வேண்டும். திருவிருந்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போய், வரப்புத் தகராறைப் பேசாமல், காபி குடித்துவிட்டு வாருங்கள். வரப்பு அடுத்த முறை பேசலாம்.

ஆஸ்பத்திரி, அடக்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டரில் எத்தனை நாள் வைப்பது என்ற கேள்வியை, ஐசியு வாசலில் தூக்கமில்லாமல் நிற்கும் பிள்ளைகள் தலையில் போடாதீர்கள். முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. 2023இல் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்று, உங்களுக்காக முடிவெடுப்பவரின் பெயர் இருந்தால் போதும். இதை விசுவாசக் குறைவு என்று சொல்லும் போதகர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்தான் இதை நிதானமாக எழுத முடியும். உறுப்பு தானம் செய்ய விருப்பம் இருந்தால் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அட்டை மட்டும் இருந்தால் போதாது, அந்த நேரத்தில் சம்மதம் கேட்பது அவர்களிடம்தான்.

அடக்கத்துக்கு எந்தக் கல்லறைத் தோட்டம், என்ன பாமாலை, என்ன கீர்த்தனை, யார் செய்தி கொடுப்பது, பெட்டிக்கு எவ்வளவு செலவு என்று ஒரு பக்கம் எழுதுங்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளை ஊர் பேச்சுக்குப் பயந்து கடன் வாங்கி அடக்கம் செய்வதை உங்கள் கையெழுத்து ஒன்றே தடுக்கும். கட்-அவுட், பிளெக்ஸ் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் தம் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். 1951இல் அவர் இறந்தபோது, அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். சொல்லி வைத்தால் நடக்கும்.

கூப்பிட்டுச் சொல்வது

இத்தனையும் எழுதி, யாருக்கும் சொல்லாமல் பீரோவில் பூட்டிவைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கோ ஸ்தோத்திரப் பண்டிகைக்கோ எல்லாரும் ஊரில் இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். மருமகள், மருமகன் உட்பட எல்லாரும் இருக்கட்டும். மகன்களை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்வது சண்டைக்கு விதை. வெளிநாட்டில் இருக்கிறவர் வீடியோவில் வரட்டும். குடும்ப ஜெபத்துக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு என்றால் பேச்சு நீளாது. பங்கு சமமாக இல்லாவிட்டால் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளியான பிள்ளைக்குக் கூடுதலாக, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்குக் கூடுதலாக என்று உங்கள் வாயால் கேட்டால் ஜீரணிப்பார்கள். வக்கீல் படித்துக் கேட்டால் ஜீரணிக்கமாட்டார்கள். முகம் சுளிக்கிறவர் இருப்பார், சுளிக்கட்டும். நீங்கள் இருக்கும்போதே சுளித்தால் பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

"இப்ப எதுக்குப்பா இதெல்லாம், நல்ல நாளும் அதுவுமா" என்று மகள் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்ப்பாள். உட்காரச் சொல்லி, லாக்கர் எந்த வங்கியில், சாவி எந்த டப்பாவில், போன் திறக்கும் எண் எது என்பதையும் சொல்லி முடித்துவிட்டு இலை போடச் சொல்லுங்கள்.